உயரமும் பாரமும்



குடும்ப இதழில் ஸ்பிரிங் பட்டையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் புருவம் உயர்த்தலாம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறேன் என்றால் அந்த வியப்பு அடங்கிவிடும். இங்கே ஜீப்போடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. ஒரு வீட்டில் ஜீப் ஓட்டுகிறவர் இருப்பார். அடுத்த வீட்டில் அதில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர் இருப்பார். மூன்றாவது வீட்டில் அதை வாங்கக் கடன் கொடுத்தவர் இருப்பார்.

என் ஊர் பண்ணைப்புரம். 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவான தேனி மாவட்டத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. இளையராஜா பிறந்த ஊர் என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். வடக்கே போனால் போடிமெட்டுச் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் மலையேறும். தெற்கே போனால் கம்பம்மெட்டுச் சாலையும் குமுளிச் சாலையும் இருக்கின்றன. மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. மாலையில் இறக்கிக் கொண்டு வருகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வளைகுடா நாட்டில் 11 ஆண்டுகள் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, சாலையோரத்தில் சிறியதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே நான் தொட்ட வண்டிகளும் இங்கே நான் தொடும் வண்டிகளும் ஏணி வைத்தாலும் எட்டாத தொலைவில் இருப்பவை. ஆயினும் இரண்டு இடத்திலும் என்னிடம் வந்த கோரிக்கை ஏறத்தாழ ஒன்றுதான்: ‘வண்டியின் உயரத்தை மாற்றிக் கொடு.’ அங்கே தாழ்த்தச் சொன்னார்கள்; இங்கே உயர்த்தச் சொல்கிறார்கள். இந்த ஒற்றை வேலைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உயிர் நிற்கிறது என்பதைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்குப் பழைய விளையாட்டுக் கார்கள் வரும். செல்வர்கள் அவற்றைப் பிள்ளையைப் போலப் பேணுவார்கள். அவற்றுள் போர்ஷே 911 என்ற ஜெர்மானியக் கார் ஒன்று. 1963-இல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த இந்தக் காரில், 1980-களின் இறுதிவரை சுருள் ஸ்பிரிங்கும் கிடையாது, பட்டையும் கிடையாது. அவற்றின் வேலையை ஓர் உருக்குக் கம்பி செய்தது. சக்கரம் மேலெழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விடுபடும்போது சக்கரத்தைத் தள்ளும். ஈரத் துணியைப் பிழிந்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் அது திரும்பச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே தத்துவம்.

அந்தக் காரின் பின்பக்கக் கம்பியில் ஒரு நுட்பம் உண்டு. அதன் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். வெளிமுனையை ஒரு பல் எதிர்ப்பக்கம் நகர்த்தினால் 8.18 பாகை திரும்பிவிடும். மிஞ்சுவது 0.82 பாகை. ஒரு பாகைக்கும் குறைவான இந்த மாற்றத்துக்காக இரு முனைகளையும் கழற்றி மாட்ட வேண்டும். பெரும் பொறுமை வேண்டிய வேலை. எங்கள் மேஸ்திரி முதியவர். ஒரு காரின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொள்வார்.

அவரிடம் கற்ற முதல் பாடம், ஒரு சக்கரத்தின் உயரத்தைத் தனியாக மாற்ற முடியாது என்பது. நான்கு கால் கட்டிலில் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பாருங்கள். அந்தக் கால் மட்டுமா பாரம் தாங்குகிறது? அதற்குக் குறுக்கே இருக்கும் எதிர்மூலைக் காலும் கூடுதலாகத் தாங்கும். மற்ற இரண்டும் இலேசாகிவிடும். காரிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு மூலையை உயர்த்தினால் பாரம் மூலைவிட்டமாக இடம் மாறும். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாம் பாடம் இன்னும் முக்கியமானது. உயரம் வேறு, வலிமை வேறு. கம்பியின் முனையை நகர்த்துவதால் கம்பி வலுவடைவதில்லை. அது நிற்கத் தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. 2010-இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் முன்பக்கத்திலும் இத்தகைய முறுக்குக் கம்பியே இருந்தது. அதன் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, “வண்டி இப்போது கனம் தாங்கும்” என்று சொல்லும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். கனம் தாங்காது. தூக்கிய அளவுக்குச் சக்கரம் பள்ளத்தில் கீழிறங்கும் இடைவெளி குறையும்; ஓட்டம் முரடாகும்; அவ்வளவுதான்.

இனி நம் ஊர் ஜீப்புக்கு வருவோம்.

இந்த ஜீப்பின் வரலாற்றில் நம் வாசகர்கள் பலர் அறியாத ஒரு பக்கம் உண்டு. 1945-இல் லூதியானாவில் தொடங்கப்பட்டபோது அந்த நிறுவனத்தின் பெயர் ‘மகிந்திரா அண்ட் முகம்மது’. மகிந்திரா சகோதரர்களுடன் கூட்டாளியாக இருந்தவர் குலாம் முகம்மது. நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951-இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் நிறுவனம் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டித் தந்தது இந்த நிறுவனமே. அதன் வழிவந்த கமாண்டர், மேஜர் முதலிய வண்டிகளின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் மலைச்சாலைகளில் அவற்றின் உழைப்பு நிற்கவில்லை.

பட்டையின் அமைப்பு எளிமையானது. உருக்குத் தகடுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இணைத்திருப்பார்கள். நீளமான முதல் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு முனை சேசிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை ஷாக்கிள் என்ற ஊசலாடும் துண்டில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீள்வதால், அந்த முனைக்கு அசைய இடம் வேண்டும். சக்கர அச்சோடு இந்த அடுக்கை யு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும்.

ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த உருக்கு சோர்ந்துவிடும். வளைவு குறையும், வண்டி தாழும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தாழ்வதுமுண்டு. அதை மீண்டும் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது முறையான வேலை. ஆனால் என் பட்டறை வாசலில் நின்று கேட்கப்படுவது பெரும்பாலும் அதுவன்று. “இருப்பதைவிட இரண்டு பட்டை கூடுதலாக வையுங்கள்” என்பதே. இழந்த உயரத்தை மீட்பது வேறு. இல்லாத உயரத்தைக் கூட்டுவது வேறு.

அப்படிக் கேட்டு வந்தவர்களுள் ஒருவன் என் சொந்த அக்காள் மகன். கடன் வாங்கிப் பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றினால் தலைக்கு இவ்வளவு என்று வரும். இருக்கைகளின் எண்ணிக்கைப்படி ஏற்றினால் டீசலும் தவணையும் போக மிஞ்சுவது சொற்பம். கூடுதலாக 8 பேரை ஏற்றினால் மூச்சு விடலாம். ஆனால் அத்தனை பேர் ஏறினால் வண்டியின் பின்பக்கம் மண்ணில் தேய்வதைப் போலத் தாழ்கிறது. ஆகவே பட்டை வேண்டும்.

“மாமு, எல்லா வண்டியிலும் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் வைக்காவிட்டால் பிழைக்க முடியுமா?” என்றான். பேராசைக்காரன் அல்லன். ஒழுங்காகத் தவணை கட்ட நினைப்பவன். எனவே மறுத்து அனுப்புவதோடு நில்லாமல், உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நீங்களும் பாருங்கள்.

ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள 7 பட்டைகள் இருக்கின்றன என்று கொள்வோம். 2 சேர்த்தால் 9. விறைப்பு நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் கூடுகிறது. தடித்த பட்டையை வைத்தால் இன்னும் மோசம். தடிப்பு இரு மடங்கானால் அந்தப் பட்டையின் விறைப்பு 8 மடங்காகும். காலியாக வரும்போது அந்த வண்டி பள்ளத்தில் துள்ளும். துள்ளும் நேரத்தில் சக்கரம் சாலையைப் பிடிப்பதில்லை.

ஆளுக்குச் சராசரியாக 50 கிலோ என்றால் 8 பேருக்கு 400 கிலோ. பட்டை அந்த 400 கிலோவைத் தாங்கிவிடும். ஆனால் இறக்கத்தில் அந்த 400 கிலோவை நிறுத்த வேண்டியது பிரேக். பட்டறையில் நாம் பிரேக் டிரம்மைப் பெரிதாக்கவில்லை, அச்சைத் தடிப்பாக்கவில்லை, சேசிஸை மாற்றவில்லை, டயரையும் மாற்றவில்லை. ஒரே ஓர் உறுப்பை மட்டும் வலுவாக்கிவிட்டு மற்ற எல்லா உறுப்புகளையும் ஏமாற்றுகிறோம். பின்பக்கம் தாழ்வது ஒரு குறை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது வண்டி வாய்விட்டுச் சொல்லும் எச்சரிக்கை. பட்டையைக் கூட்டுவது அந்த வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது கணக்கு, கவிழ்தல். இரு சக்கரங்களுக்கும் இடையே 48 அங்குலம் என்றால் பாதி 24 அங்குலம். வண்டியும் பாரமும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த வண்டி 45 பாகை சாயும்வரை கவிழாது. பட்டையால் உயர்ந்து, ஆட்களும் நெருக்கியடித்து நின்று, கூரையில் மூட்டையும் ஏறி, எடை மையம் 30 அங்குலத்துக்குப் போனால், 39 பாகைக்குள்ளேயே கவிழ்ந்துவிடும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் தள்ளும் விசையைத் தாங்கும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்பிரிங்கும் டயரும் சாய்ந்து கொடுப்பதால் நடைமுறையில் இன்னும் முன்னதாகவே கவிழும். 17 வளைவுகளில் ஏறி, அதே 17 வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது சிறிய குறைவா?

சட்டமும் இதைப் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்தக் கூடாது என்கிறது. 2019-இல் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆனால் விடியற்காலை மலைச்சாலையில் சட்டம் எல்லா வளைவிலும் நின்று கொண்டிருக்க முடியாது என்பதை நீங்களும் அறிவீர்கள்.

கணக்கைக் கேட்ட பின்னும் அவன் முகம் தெளியவில்லை. “நீங்கள் செய்யாவிட்டால் வேறு பட்டறையில் செய்வார்கள், மாமு” என்றான். அது உண்மைதான். நான் மறுத்ததால் எந்த ஜீப்பும் தாழ்ந்தபடி வீட்டுக்குத் திரும்பியதில்லை; அடுத்த ஊர்ப் பட்டறைக்குத்தான் போயிருக்கிறது.

முடிவு சொன்னது அவனுடைய தாய். என் அக்காள் இளமையில் களை பறிக்கவும் காய் எடுக்கவும் அதே மலைக்கு ஜீப்பில் போய் வந்தவள். கணக்கு எதையும் அவள் கேட்கவில்லை. “தம்பி, பட்டையைக் கூட்டினால் பிரேக்கும் கூடுமா?” என்று மட்டும் கேட்டாள். “கூடாது, அக்கா” என்றேன். “அப்படியானால் அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். நான் ஏறாத வண்டியில் ஊரார் வீட்டுப் பெண்பிள்ளைகளை ஏற்றாதே” என்று மகனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

நான் அந்த ஜீப்பைப் பழைய உயரத்துக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன். இருக்கைக் கணக்குப்படி ஆள் ஏற்றுகிறான். பகலில் உரமும் காய்கறியும் ஏற்றுகிறான். தவணை இன்றும் இழுபறிதான். நேர்மையாக நடந்தவுடன் அவன் செல்வந்தனாகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவனுடைய கூடுதல் 8 பேரில் சிலர் மற்ற ஜீப்புகளில் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவேதான் இதைப் பட்டறைக்குள் வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஓட்டுநர் ஒருவரால் மட்டும் தீரும் சிக்கல் அன்று இது. கூலி குறைவாகக் கொடுத்து, வண்டி வாடகையையும் குறைக்கச் சொல்லும் தோட்டக்காரருக்கும் இதில் பங்குண்டு. தவணைக்காக நெருக்கும் கடன்காரருக்கும் பங்குண்டு. நெருக்கியடித்து ஏற அனுமதிக்கும் குடும்பத்தாராகிய நமக்கும் பங்குண்டு.

ஜீப் வைத்திருக்கும் அன்பர்கள் சில செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும்.

உயரத்தை அளக்குமுன் வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்துங்கள். நான்கு டயர்களிலும் உரிய காற்று இருக்கட்டும். முன்னும் பின்னுமாகச் சற்று உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்தி விடுங்கள். பட்டைகள் தம் இயல்பான நிலைக்கு வரும். பிறகு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை செங்குத்தாக அளந்து, நான்கு அளவுகளையும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்த் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும்.

சோர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைக்கும் வழக்கம் உண்டு. காய்ச்சிய பட்டைக்கு எண்ணெயில் துவைத்து மீண்டும் பதம் ஏற்றத் தெரிந்தவர் செய்தால் சரி. வெறுமனே காய்ச்சி வளைத்தால் உருக்கின் பதம் போய், சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும். அல்லது ஒரு நாள் ஒடியும். ஒடிந்த பட்டையை வெல்டிங் செய்து மாட்டுவது கூடவே கூடாது.

நீளமான ஷாக்கிள் மாட்டி உயர்த்துவதும் உண்டு. 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ 1 அங்குலம் உயரும். ஆனால் அச்சின் சாய்வு மாறும். முன்பக்கத்தில் செய்தால் வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பும் தன்மை கெடக்கூடும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைக்கும் வழக்கத்தை முன்சக்கரத்தில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எந்த வகையில் உயரம் மாறினாலும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும், ஷாக் அப்சர்பரின் நீளம் போதுமா என்றும், முகப்பு விளக்கு எங்கே அடிக்கிறது என்றும் பாருங்கள். யு போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்குங்கள்.

ஜீப்பில் ஏறும் சகோதரிகளும் அவர்களை வழியனுப்பும் வீட்டாரும் ஸ்பானரைத் தொடாமலே சிலவற்றைக் கண்டுகொள்ளலாம். ஆள் ஏறுமுன்பே பின்பக்கம் அண்ணாந்து நிற்கும் வண்டி, அதிகப் பாரத்துக்காக மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆள் ஏறிய பின் பட்டை நேர்க்கோடாகியோ எதிர்ப்பக்கம் வளைந்தோ போனால், அது தாங்கும் எல்லை கடந்துவிட்டது. முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையை விட்டு மரக்கிளைகளில் விழுந்தால், முன்சக்கரத்தின் பாரம் குறைந்திருக்கிறது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. காலியாக நிற்கும்போதே வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பட்டையை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இவற்றைக் கண்டால் “அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பார். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் பட்டறைக்கு வருவார். தோட்டக்காரரிடமும் பத்துப் பேர் சேர்ந்து, இரண்டாவது வண்டிக்கு வாடகை கேட்கலாம். வளைகுடாவில் ஒரு செல்வர் தம் காரை அரை அங்குலம் தாழ்த்துவதற்கு ஒரு பகல் கூலியை மறுபேச்சின்றிக் கொடுத்தார். அந்தக் காரில் சென்றவர் அவர் ஒருவரே. இங்கே ஒரு ஜீப்பில் பத்து வீட்டு அடுப்புகள் எரிவதற்கான கைகள் ஏறுகின்றன. இவர்களுடைய உயிர் நம் எல்லாரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் நாளை மலைக்குப் போகிறார்கள் என்றால், வண்டி புறப்படுமுன் ஒரு நிமிடம் குனிந்து பின்சக்கரத்தின் மேலுள்ள பட்டையைப் பாருங்கள். அது வளைந்திருக்கிறதா, நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.